எழுந்திருப்பதைப் பார்க்கிறவர்

“கேக்கத் தெரியுது உனக்கு. பதிலக் கையில குடுத்தா, வச்சிக்கத் தெரியுமாடி?”

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது நர்சம்மா என்னிடம் இப்படிச் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்குகிறவள். பதிலை வைத்துக்கொள்ளத் தெரியுமா என்று என்னைக் கேட்கிறாரே என்று இருந்தது.

நான் கேட்டது சின்னக் கேள்விதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் எதற்கு உட்காரச் சொல்லி எழுந்திருக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வந்த கோபத்தில் அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடிவிட்டேன், பிறகு அவரிடம் எதையும் கேட்கவும் இல்லை.

மாதம் ஒருமுறை பாகூர் ஏரிக்கரை வழியாக அவர் எங்கள் ஊருக்கு நடந்து வருவார். பக்கத்து ஊர் டிஸ்பென்சரியில் வேலை. வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, ஒரு தகரப் பெட்டி. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்களுக்கு அவர் நர்சம்மா. ஊசி போடுவார், மாத்திரை கொடுப்பார், கர்ப்பிணிகளின் கண்ணைக் கீழே இழுத்துப் பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகு பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் பையன்களை மட்டும் தரையில் வரிசையாக உட்கார வைப்பார். எதிரே மேசைமேல் பெப்பர்மிட்டு இருக்கும்.

“எழுந்து வந்து எடுத்துக்கோ” என்பார்.

பையன்கள் துள்ளி எழுந்து ஓடுவார்கள். அவர் ஓடுகிறவர்களைப் பார்க்க மாட்டார். யார் எப்படி எழுந்திருக்கிறான் என்பதைத்தான் பார்ப்பார். அதுவும் நேராக இல்லை, பெட்டியைப் பூட்டுகிற மாதிரி குனிந்துகொண்டு, கடைக்கண்ணால். எங்கள் பள்ளியில் அப்படி மூன்று வருடங்களில் ஒரே ஒரு பையனிடம்தான் அவர் பார்வை நின்றது. அவன் தரையில் கையை ஊன்றி, இடுப்பை முதலில் தூக்கி, பிறகு முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று வைத்துத் தன் உடம்பின் மேலேயே தான் ஏறுகிற மாதிரி எழுந்தான். மற்ற பையன்கள் சிரித்தார்கள். நர்சம்மா அவனுக்கு இரண்டு பெப்பர்மிட்டு கொடுத்தார். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம்.

அந்தப் பையன் ஆறாம் வகுப்புக்கு வரவில்லை. அதற்குள் அவனால் நடக்க முடியாமல் போயிருந்தது.

அவர் பார்த்ததால்தான் கால் போனது என்று ஊர் முடிவு செய்தது. அப்படி முடிவு செய்ய எங்கள் வீடும் ஒரு காரணம்.

என் அண்ணன் சின்ன வயதில் கெண்டைக்கால் பருத்து, பார்க்க அழகாக இருப்பான். உடம்பு ஒல்லி, கால் மட்டும் திரண்டு, உருட்டி வைத்த மாதிரி இருக்கும். அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவனை முன்னால் நிறுத்தி, கெண்டைக்காலில் தட்டி, “பயில்வான் காலு, பாத்தியா? கல்லு மாதிரி இருக்கு” என்பார். நர்சம்மா வந்தபோதும் அப்படியே நிறுத்தினார். அவர் குனிந்து கட்டைவிரலால் அந்தக் காலை அழுத்திப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மாதத்திலிருந்து அண்ணன் அடிக்கடி விழ ஆரம்பித்தான். அதற்கு முன்பும் விழுந்துகொண்டுதான் இருந்தான் என்று அக்கா சொல்வாள். ஆனால் ஊரில் சொன்ன கதை வேறு. கட்டைவிரலால் அழுத்தினாள், கால் போயிற்று என்று சொன்னார்கள். அதன் பிறகு ஏரிக்கரையில் குடை தெரிந்தால் போதும், பெண்கள் தங்கள் பையன்களை உள்ளே இழுத்து, அப்பனுடைய வேட்டியைக் கணுக்கால் வரை சுற்றிவிடுவார்கள். எதிர்வீட்டுக்காரி, “வராடி, காலு பாக்கறவ வரா, ஒன் புருஷன் காலையும் மூடு” என்று கத்துவாள். தெருவே சிரிக்கும். அவர் போன பிறகு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். அந்த நெடி அவர் ஏரிக்கரை தாண்டும் வரை காற்றில் போகும். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

விழுந்து விழுந்து எழுகிறவனை எங்கே அனுப்புவது என்று அப்பா அண்ணனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அக்கா வீட்டு வேலைக்கு வேண்டும். அதனால்தான் மிச்சமிருந்த நான் போனேன்.

எனக்கு ஏழு வயது, அண்ணனுக்கு ஒன்பது இருக்கும்போது ஒரு ஜீப் வந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு டாக்டர், படம் எடுக்கிற ஒருவர், கூடவே நர்சம்மா. அண்ணனைச் சட்டையில்லாமல் கொல்லைச் சுவரோரம் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொன்னார்கள். மறுபடி உட்காரச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கேமரா சத்தம் கேட்டது. பிறகு அவன் கையிலும் அம்மா கையிலும் ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் ஒரு தாளை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். அம்மா கட்டைவிரலை நீட்டினாள். மை எங்கே என்று டாக்டர் தேடினார்.

“நான் எழுதுவேன், அம்மா பேர் எனக்கு எழுத வரும்” என்று நான் முன்னால் போனேன்.

டாக்டருக்குச் சந்தோஷம். தன் பேனாவையே கொடுத்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, அம்மாவின் பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதினேன். எங்கள் குடும்பத்திலிருந்து ஒரு காகிதத்தில் ஏறிய முதல் கையெழுத்து அது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நர்சம்மா மட்டும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையன்கள் எழுந்திருக்கும்போது பார்க்கிற அதே பார்வை.

ஜீப் மறுபடி வரவில்லை. மருந்தும் வரவில்லை. என்ன கண்டுபிடித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அண்ணன் பதினாறு வயதில் இறந்தான். கடைசி இரண்டு வருடம் அவனை அக்காதான் தூக்கி உட்கார வைப்பாள், தூக்கிப் படுக்க வைப்பாள். சாவுக்கு நர்சம்மா வந்தார். பெண்கள் எல்லாம் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்க, அவர் வாசலுக்கு வெளியே குடையோடு நின்றார். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் அக்கா கல்யாணத்துக்கு யாரும் அவரை அழைக்கவில்லை. ஆனாலும் பந்தலுக்குக் கடைசியில் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டார்கள், வேண்டாம் என்றார். தாலி கட்டியதும் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரிக்குள் எதிர்வீட்டுக்காரி கிலோக் கணக்கில் உப்பைச் சுற்றிப் போட்டிருப்பாள்.

அண்ணன் செத்த அன்றைக்கு அம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டு அழுதாள். புள்ளையின் படம் ஒன்று இல்லையே, முகம் மறந்துபோகுமே என்று அழுதாள்.

நான் படித்தேன். பாகூரில் பள்ளி முடித்து, டவுனில் ஆசிரியர் பயிற்சி முடித்து, இப்போது இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலேயே வேலை. மாதம் பிறந்தால் எங்கள் தெருவில் நான்கு வீடுகளுக்குக் கடிதம் எழுதித் தருகிறேன், படித்துச் சொல்கிறேன். எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை.

அக்காவைக் கரையாம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். நிலம் உள்ள குடும்பம், நல்ல மனிதர்கள். வெகுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, ஒரு பையன் பிறந்தான். அண்ணன் பெயரையே வைத்தாள். இந்தப் பொங்கலுக்கு வந்திருந்தபோது அவனுக்கு நான்கு வயது. அக்கா அவனை என் முன்னால் நிறுத்தி, அவன் கெண்டைக்காலைத் தட்டினாள்.

“பார்டி. அவனேதான். என் தம்பி எனக்கே திரும்பி வந்துட்டான்.”

அப்பா தட்டிய அதே இடம். கணுக்காலில் கண் படாமலிருக்கக் கறுப்புக் கயிறு கட்டியிருந்தாள். அம்மா வந்து அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். செத்தவன் காலைக் கொண்டே பிறந்திருக்கிறான் என்று தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். அக்கா முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவளுக்கு மறுபடி நாள் தள்ளிப்போயிருந்தது. அதையும் அப்போதுதான் சொன்னாள்.

எல்லாரும் பின்கட்டில் இருந்தபோது நான் பையனைக் கூப்பிட்டேன். என் கைப்பையில் ஒரு பெப்பர்மிட்டு இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக எப்போதும் வைத்திருப்பேன். அதை அலமாரித் தட்டில் வைத்தேன்.

“உக்காரு தம்பி. இப்ப எழுந்து வந்து எடுத்துக்கோ.”

என் வாயிலிருந்து வந்தது நர்சம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. பையன் தரையில் கையை ஊன்றினான். இடுப்பு முதலில் எழுந்தது. ஒரு கை முழங்காலுக்கு வந்தது. இன்னொரு கை தொடைக்கு வந்தது. நிமிர்ந்து, சிரித்து, “சித்தி, எடுத்துட்டேன்” என்றான்.

கைப்பையில் துழாவி இன்னொரு பெப்பர்மிட்டைத் தேடி எடுத்துக் கொடுத்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரிந்தது.

நர்சம்மா ஓய்வு பெற்று வில்லியனூரில், மாதா கோயில் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கதவு திறந்தே இருந்தது. முடி முழுக்க வெளுத்திருந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது. நான் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்ததையும் கவனித்தார்.

“வாத்தியாரம்மா ஆயிட்டியாமே. இன்னா கேக்க வந்த?”

இருபது வருடமாகக் கேட்காமல் விட்டதை எல்லாம் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கேட்டதற்கு மட்டும். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. கண்ணும் படவில்லை, கட்டைவிரலும் காரணமில்லை. அந்தக் கால் வலுவில் பருக்கவில்லை, சதை செத்துக் கொழுப்பேறிப் பருக்கிறது. இது தாய் வழியில் வருகிற நோய். தாய்க்கு ஒன்றும் செய்யாது, அவள் பெறுகிற ஆண் பிள்ளைகளில் பாதிக்குப் பாதி பேருக்கு வரும். பெண் பிள்ளைகளில் பாதிக்குப் பாதி பேர் அதைச் சுமந்து தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். மருந்து இல்லை.

“அப்ப எங்க அக்கா?”

“புள்ள கைய ஊனி எழுந்தான்னு நீதானே சொன்ன. இதுக்கு மேல அவளுக்குப் பரிச்ச வேணாம்.”

“நானு?”

“பாதிக்குப் பாதி. டவுன் பெரிய ஆஸ்பத்திரில ரத்தம் பாக்கறாங்க. செத்த சதையிலருந்து கசியற ஒண்ணு ரத்தத்துல கூடுதலா இருந்துதுன்னா, ஆமாம். கூடுதலா இல்லன்னா, உனக்கு இல்லன்னு அர்த்தம் கிடையாது.”

“அக்கா மூணு மாசம் நர்சம்மா.”

இப்போது மெட்ராஸில் வயிற்றுத் தண்ணீரை எடுத்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுகிறார்களாம், ஆனால் நான்காம் மாதத்தில் போக வேண்டும் என்றார். ஆணென்று தெரிந்தால் என்ன செய்வது, அந்த ஆண் நல்ல பிள்ளையாகவும் இருக்கலாம் அல்லவா என்றேன். ஆமாம், இருக்கலாம் என்றார். அப்படியானால் எது சரி என்றேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் பொங்கியது. எல்லாம் தெரிந்துகொண்டே அக்கா கல்யாணப் பந்தலில் நின்றீர்களே, வாயைத் திறந்தால் என்ன என்று கேட்டேன். யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் பெண்களை வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அது ஒரு காரணம்தான் என்றார். இன்னொரு காரணத்தையும் கேட்டேன்.

“கேக்காதப்பவே ஒருத்திகிட்ட சொன்னேன். மணப்பட்டுல, கடலுக்குப் போற வூடு. புள்ளைக்கு அஞ்சு வயசு. இன்னும் பத்துப் பன்னெண்டு வருஷந்தான்னு சொல்லிட்டேன். அவ அழுவல. புள்ளைக்குச் சோறு ஊட்டினா, குளிப்பாட்டினா, கடசி வரைக்கும் ஒரு குறை வெக்கல. ஆனா அன்னிலருந்து அவன் மூஞ்சப் பாக்கல. பக்கத்துச் செவுத்தப் பாத்துகினே ஊட்டுவா. எங்கம்மா எந்தப் பக்கம் பாக்குதுன்னு அந்தப் புள்ள என்னக் கேப்பான். பதினோரு வருஷம் கேட்டான்.”

அதற்குப் பிறகுதான் கேட்டால் மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டாராம்.

எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே குட்டிக்கூரா பவுடர் வாசம். அடியிலிருந்து ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தார். டாக்டர் நன்றி எழுதி அனுப்பியதாம். ஒரு பக்கத்தை விரித்து என் மடியில் வைத்தார்.

நான்கு படங்கள். ஒரு பையன் தரையில் உட்கார்ந்திருக்கிறான், கையை ஊன்றுகிறான், தொடையைப் பிடிக்கிறான், நிற்கிறான். பின்னால் எங்கள் கொல்லைச் சுவர், அதில் வறட்டி தட்டிய தடம். இடுப்பில் அம்மா முடிந்த அரைஞாண் கயிறு. நான்கு படத்திலும் கண்களை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. ஊர் பெயர் இல்லை, அவன் பெயர் இல்லை.

“படம் இல்லியேன்னு எங்கம்மா அழுதாங்களே. உங்க காதுல விழல?”

“விழுந்துது. அவங்க என்னக் கேக்கல.” புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டே, “அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டது நீ. நீயும் கேக்கல” என்றார்.

அந்தப் பக்கத்தை அவரே கிழித்து என்னிடம் கொடுத்தார். வாசல்படியில் நின்றபோது கடைசியாக ஒன்று கேட்கத் தோன்றியது. இதையெல்லாம் பார்க்க உங்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்பே தெரியும், தம்பி ஒருவன் இருந்தான் என்றார்.

“அப்ப நீங்க ரத்தம் பாத்துக்கலியா?”

“நான் யாரையும் கேக்கல” என்றார் நர்சம்மா. சிலுவையை ஒருமுறை தொட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். ஜீப்காரர்கள் எடுத்தது, இப்போதுதான் கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். அம்மா வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, கண்களின் மேலிருந்த கறுப்புப் பட்டையைத் துடைத்தாள். அழுக்கு என்று நினைத்துவிட்டாள். போகவில்லை. திரும்பத் திரும்பத் துடைத்தாள். அது அச்சு, போகாது என்று நான் சொன்னதும், “கண்ண மட்டும் எதுக்குடி மூடிட்டாங்க?” என்றாள். அவன் யாரென்று தெரியாமல் இருக்கத்தான் என்றேன். “எனக்குமா?” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு என்னை நினைத்தே எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு வாரம் யோசித்தேன். சொன்னால் திரும்பி வந்த தம்பியை அக்காவிடமிருந்து நான் இரண்டாம் முறை பறிக்கிறேன். சொல்லாவிட்டால் நானும் பந்தல் கடைசியில் நிற்கிற ஆள். நர்சம்மாவின் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு எதைக் கேட்பது என்றே தெரியாது. அங்கே ‘கேட்டால் சொல்வேன்’ என்பதும் ‘சொல்ல மாட்டேன்’ என்பதும் ஒன்றுதான். ஆனால் அந்த மணப்பட்டுப் பெண்ணின் முகத்தை நான் பார்த்ததில்லை, அவர் பார்த்திருக்கிறார்.

நேற்று லீவு போட்டுவிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்கு என்று கேட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். இரண்டு இடத்தில் அர்த்தம் கேட்டேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து, பிளாஸ்டர் ஒட்டி, சாயந்திரம் எடுத்துவிடலாம் என்றார்கள். நான் எடுக்கவில்லை.

இன்று காலை அதே கையோடு கரையாம்புத்தூர் வந்தேன். அக்கா கொல்லையில் உட்கார்ந்து மல்லாட்டைச் செடியிலிருந்து கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு செடியை எடுத்தேன். பையன் என்னிடம் வந்து, மடியில் ஏறி, விரலைச் சூப்பியபடி கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனான். ஒரு கூடை நிறைந்த பிறகுதான் அக்கா என் கையைப் பார்த்தாள்.

“கையில இன்னாடி பஞ்சு?”

கேட்டுவிட்டாள்.

பையனுடைய தலை என் வயிற்றுப் பக்கம் கவிழ்ந்திருந்தது. எழுப்பாமல் அவனை மெல்லத் திருப்பி, முகம் அக்காவுக்கு நேராக இருக்கும்படி வைத்துக்கொண்டேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன்.